எனாமல் கம்பி

லென்ஸ் விளக்குக்கு அடியில் அந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாய் பிய்ந்து கிடந்தது. கோகிலவாணி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை, கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. போர்டு உள்ளங்கையில் பாதிகூட இராது. அதன் ஓரத்தில் யூ.எஸ்.பி. சாக்கெட் இருந்த இடம் இப்போது வெறும் பச்சை மொட்டை. சாக்கெட் போகும்போது தனியாகப் போகவில்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிற மாமன்காரன் கூடவே நாலு பேரை இழுத்துக்கொண்டு போவதுபோல, அடியில் இருந்த செம்புப் பட்டைகளில் இரண்டை உரித்துக்கொண்டு போயிருந்தது. போயும் போயும் அந்த இரண்டு. ஓரத்துக் கால்கள் கரண்டுக்கு, அவை போயிருந்தால் வேறு வழியாகக் கொடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் இரண்டுதான் பேச்சுக்கு. கம்ப்யூட்டர் சொல்வதைப் போர்டு கேட்பதும், போர்டு சொல்வதைக் கம்ப்யூட்டர் கேட்பதும் அந்த வழியாகத்தான். கொண்டுவந்த பெண் தாரணி, பக்கத்துக் கல்லூரியில் கடைசி வருஷம், காலையில் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள். அண்ணன்காரன் ராத்திரி கம்பியில் கால் தடுக்கிவிட்டானாம், சத்தம் மட்டும்தான் கேட்டதாம். புது போர்டு வாங்கிக்கொள்ளலாமே என்றால் வாங்கலாம்தான், ஆனால் சென்சர் கம்பிகள் அத்தனையையும் இதிலேயே ஈயம் உருக்கி வைத்து, போதாததற்குப் பசையையும் ஊற்றிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள் மகராசி. பிரித்து வேறொன்றில் மாட்டுவதற்குள் விடிந்துவிடும். மத்தியானம் வாத்தியார்கள் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும், அதற்குமுன் புரோகிராமில் கடைசித் திருத்தத்தை ஏற்ற வேண்டும். ஆயிருமில்லீங்கக்கா, என்று கேட்டாள். மத்தியானத்துக்கு முன்னால வா கண்ணு, ஆயிரும், என்று கோகிலாவின் வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா, அது பழைய பழக்கத்தில் சொல்லிவிட்டது. மரத்துப் போனது விரல்கள்தான். பத்து விரல்களின் நுனியும் மரத்துப் போயிருப்பது கோகிலாவைத் தவிர இந்தக் கடையில் யாருக்கும் தெரியாது, கடையில் இருக்கிற இன்னொரு ஆள் அவள் புருஷன் சென்னியப்பன் என்றாலும்.

மரத்துப் போச்சு. யார் கண்டுபிடித்த வார்த்தையோ, சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரமாகிவிட்டது. ஆனால் மரம் வலிக்காது என்று யார் சொன்னது, மரத்துப் போன விரலுக்குள் எறும்பு ஊர்கிறது, சில நேரம் ஊசி குத்துகிறது, தொட்டதை மட்டும் சொல்வதில்லை. இல்லாததெல்லாம் தெரிகிறது, இருப்பது தெரிவதில்லை. மருந்து ஏற்றும்போதே அந்த மலையாளத்து நர்ஸ் பெண் சொன்னாள், கைகால் நுனியில் இப்படி வரும் சேச்சி, பலருக்குப் போய்விடும், சிலருக்கு நாளாகும் என்று. சிலருக்குப் போகாமலே இருக்கும் என்பதை அவள் சொல்லவில்லை, டாக்டர்தான் சொன்னார், அதுவும் ஃபைலைப் புரட்டிக்கொண்டே. மார்பில் இருந்தது போய்விட்டது, மறுபடி எடுத்த படங்களில் ஒன்றும் இல்லை, மருதமலைக்குப் போய் வேண்டுதலை முடித்தாகிவிட்டது, வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்களில் ஒருத்தி கோகிலாவின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், அன்றைக்குக் கோகிலாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முடிகூட வந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக. உயிரே திரும்பி வந்த பிறகு விரல் நுனியைப் பற்றிப் பேசுவது, விருந்து சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் வைக்கவில்லை என்று குறை சொல்வதுபோல. சென்னியப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழைய செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கிடந்த மனுஷன். அவரிடம் போய் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பிறகு இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கடைக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவள் தடியான வேலையாகப் பொறுக்கி எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். அடாப்டர், எமர்ஜென்சி விளக்கு, மிக்சி சுவிட்சு. மெல்லிசு வேலை வந்தால் பார்ட்ஸ் வரவில்லை என்றாள், பார்ட்ஸ் வந்துவிட்டதென்றால் தலை சுற்றுகிறது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், மறைக்கிறவளுக்குத்தான் தெரியும், அதற்கு எவ்வளவு சோறு வேண்டியிருக்கிறது என்று. காலையில் கோலம் போடும்போது விரலிடுக்கில் எவ்வளவு பொடி இறங்குகிறது என்று தெரிவதில்லை, இழை பட்டையாக விழுகிறது, எதிர்வீட்டுக்காரி, அக்கா இப்பல்லாம் கோலம் எடுப்பா இருக்குதுங்க என்கிறாள். எடுப்பா இருக்குதாம். ஜாக்கெட் கொக்கியைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. கோவிலில் திருநீறு எடுத்தால் எடுத்தோமா இல்லையா என்று விரலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறாள், இன்னொன்று எங்கே கழன்றது என்று கால் சொல்லவே இல்லை. வாசலில் பார்த்துவிட்டுத்தான் தெரிந்தது. அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது, கைகூடப் பரவாயில்லை, கால் இப்படித் தனக்குச் சொல்லாமல் எங்கெங்கே போய் எதை எதை மிதித்துவிட்டு வருகிறதோ. மற்றச் செருப்பையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அறுந்துபோச்சுங் என்று புருஷனிடம் சொன்னாள். மறுநாளே அவர் புதுச் செருப்பு வாங்கி வந்தார். பின்னால் வார் வைத்தது. அறுந்துபோகாதாம்.

சரி, வேலையைப் பார். ஈயம் ஓடுவதற்கான பேஸ்ட்டைத் தடவி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, இடத்தைத் துடைத்தாள். புது சாக்கெட்டை டுவீசர் இடுக்கியால் தூக்கி வைத்தாள். டுவீசரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று விரல் சொல்வதில்லை என்பதால், விரல் நகம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். வெளுத்தால் இறுக்கம், சிவந்தால் தளர்வு. இப்படி ஒரு கணக்கு அவளே கண்டுபிடித்தது. ஆனால் நகத்தைப் பார்த்தால் சாக்கெட்டைப் பார்க்க முடியவில்லை, சாக்கெட்டைப் பார்த்தால் நகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருமுறை சாக்கெட் துள்ளி எங்கோ போனது, மேசை மேல் தேடினாள், மடியில் தேடினாள், கடைசியில் பார்த்தால் இடது கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து லேத்துப் பட்டறையில் இரும்பைச் சீவுகிற சத்தம் நீளமாக வந்துகொண்டிருந்தது. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் யாருக்கோ ரிமோட்டைக் காட்டி, இது அந்த டி.வி.க்கு வராதுங், என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் எப்போதும் அப்படித்தான், ஒன்று இல்லை என்பதையும் வாங்கிக்கொண்டு போங்கள் என்பதுபோலச் சொல்லும். சாக்கெட்டின் பெரிய கால்களை முதலில் பிடிக்க வைத்தாள். பிறகு கரண்டுக் கால்கள். ஈயம் மினுங்கிக்கொண்டு ஓடி உட்கார்ந்தது, அதைப் பார்த்தபோது பழைய நாட்களில் ஒரு சந்தோஷம் வரும், உள்ளே எதுவோ தானும் சேர்ந்து உட்கார்ந்துகொள்வதுபோல. இப்போது, உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி இரண்டு கம்பி. உரிந்துபோன பட்டைகளுக்குப் பதிலாக, சாக்கெட்டின் உள் கால்களிலிருந்து போர்டின் மிச்சத் தடம் வரைக்கும் மெல்லிசான எனாமல் கம்பியை ஓட்ட வேண்டும். டப்பாவிலிருந்து கம்பி சுற்றின பாபினை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த மிக்சி மோட்டார் வைண்டிங் பட்டறையில் வாங்கி வைத்தது, தீரவே மாட்டேன் என்கிறது. தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இந்தக் கம்பிக்கு ஒரு குணம், மேலே எனாமல் பூசியிருக்கும், ஆனால் எனாமலுக்கும் செம்புக்கும் ஒரே நிறம். பூச்சு இருக்கிறதா, சுரண்டிப் போய்விட்டதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வெயிலில் பிடித்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் மின்னும். பூச்சு இருக்கும்வரை நீ ஈயத்தில் முக்கி எடுத்தாலும் கரண்ட் போகாது, ஒட்டினதுபோல ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். அதனால் பட்டறையில் எல்லாப் பெண்களும் கம்பியின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் எனாமல் இருக்கிறது, பிடித்தால் போய்விட்டது. வழுக்குதா பிடிக்குதா, வழுக்குதா பிடிக்குதா என்று நாளெல்லாம் இதே கேள்வி. சென்னியப்பன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவர் அத்தைக்காரி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏங்கண்ணு, பையனப் புடிக்குதா, என்று கேட்டதும் கோகிலாவுக்குக் கம்பி ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்கமில்லாத புள்ளை என்று அந்த அத்தை சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. லேத்து ஓட்டுகிற பையன், எண்ணெய்க் கறை போகாத நகம், எதையும் அழுத்திச் சொல்லத் தெரியாத குரல். இரண்டு துண்டு கம்பியை வெட்டி, பிளேடால் நுனிகளைச் சுரண்டினாள். பழைய காலத்து எனாமல், கல்நெஞ்சு, சூட்டுக்கும் அசையாது, சுரண்டித்தான் ஆகவேண்டும். சுரண்டிவிட்டுக் கம்பியை இரு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தாள். கை தானாகச் செய்தது. கம்பி விரலிடுக்கில் போவதைக் கண் பார்த்தது. வழுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. இன்னொருமுறை இழுத்தாள். ஒன்றுமில்லை. போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போயிருக்கும்தான், இவ்வளவு சுரண்டியிருக்கிறோமே.

ஈயம் வைத்தாள். ஒரு கம்பி, இன்னொரு கம்பி. லென்ஸில் பார்த்தால் அழகாக இருந்தது, படம் எடுத்துப் புத்தகத்தில் போடலாம். பழைய லேப்டாப்பைத் திறந்து, யூ.எஸ்.பி. கேபிளைச் செருகினாள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. லேப்டாப் ஒரு டிங் சொல்ல வேண்டும், வந்துவிட்டேன் என்று போர்டு சொன்னால் வந்துவிட்டாயா என்று லேப்டாப் கேட்கிற சத்தம். காத்திருந்தாள். லேத்துச் சத்தம் கேட்டது. தடுப்புக்கு அப்பால் நாணயங்கள் கல்லாவில் விழுகிற சத்தம் கேட்டது. டிங் வரவில்லை. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். விளக்கு எரிந்தது, லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. கேபிளை மாற்றினாள். லேப்டாப்பின் அடுத்த ஓட்டையில் செருகினாள். விளக்கு மட்டும் நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று எரிந்துகொண்டிருந்தது. இருக்கிறாய் சரி, பேசு. எங்கே தப்பு. இரண்டு கம்பியும் இடம் மாறியிருந்தால் லேப்டாப் என்னவோ வந்திருக்கிறது, இன்னதென்று தெரியவில்லை என்றாவது முறைத்துக்கொள்ளும். இது எதுவுமே வரவில்லை என்கிறது. அப்படியென்றால் கம்பி எங்கோ சேரவில்லை. எங்கே சேரவில்லை என்பது கோகிலாவுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தாள். சாக்கெட் ஆடுகிறதா என்று பார்த்தாள், சிப்பின் கால்களைப் பார்த்தாள், அங்கெல்லாம் ஒன்றும் இராது என்பதும் தெரியும். மனது கோவில் மாடு மாதிரி ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி அதே வாசலில் வந்து நின்றது. எனாமல் போகவில்லை. போனதா போகவில்லையா என்று உனக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஈயம் வைத்தாய்.

போன மாதம் நாத்தனார் மகளின் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள், திருப்பூரில். கோகிலா மடியில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள், நோய் போன மகராசி கையில் கொடுத்தால் நல்லதென்று யாரோ ஒரு புதுச் சாஸ்திரம் சொன்னார்கள். அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு மாதிரி இருக்குதுல்ல, என்றாள் நாத்தனார். ஆமாங்க பஞ்சு மாதிரி, என்றாள் கோகிலா. பஞ்சும் தெரியவில்லை, கன்னமும் தெரியவில்லை, ஒரு சுவரில் விரலை வைத்ததுபோல இருந்தது, சுவரில் வைத்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போது அழுதிருக்க வேண்டும், அழுகை வரவில்லை, அதுதான் அவளை உலுக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கப்புறம் அவள் ஒருதரம்கூட அழவில்லை. சின்னம்மா செத்ததற்குப் போய் மாரில் அடித்துக்கொண்டவர்கள் நடுவில் வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியில் ஆரம்பித்தது மணிக்கட்டு, முழங்கை என்று மேலே ஏறி உள்ளேயும் வந்துவிட்டதோ என்று சந்தேகம். ஊர் நல்லது கெட்டது எல்லாம் அவள் மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போகிறது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, வெளியே பார்க்க அவள் அவளேதான். சோறு வடிக்கிறாள், பேசுகிறாள், விளக்கு எரிகிறது. இந்த வேலை ஒன்றாவது பாக்கி இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டில் ஒன்றும் இல்லாமல் வந்தவள், படிப்பு இல்லை, பாட்டு இல்லை, கோலம்கூடச் சுமார்தான், இந்த விரல்கள்தான் அவள். இவை இல்லையென்றால் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நினைப்பு வந்தபோதும் துக்கம் வரவில்லை.

மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு நொடி வேலை. ஒரு முனையில் ஒரு ஊசி, மறு முனையில் ஒரு ஊசி, சேர்ந்திருந்தால் பீப் என்று கத்தும், சேராவிட்டால் சும்மா இருக்கும். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் மீட்டர் கடை முன்பக்கம் சென்னியப்பனிடம் இருக்கிறது. வருகிறவர்களின் அடாப்டரைச் சோதிக்க அவர்தான் வைத்துக்கொள்கிறார், ஏனென்றால் கோகிலாவுக்கு அது தேவைப்பட்டதே கிடையாது. அவர் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். எங்கூட்டு அம்மிணி மீட்டரே தொட மாட்டாளுங், வெரல்லயே பாத்துப்போடுவா. சொல்லும்போது அந்த மெல்லிசுக் குரல் ஒரு படி ஏறும். அவருக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருந்தது, ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில்கூடக் கடைச் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வந்தாப் பாத்துக்கலாமுங் என்றுதான் எல்லாருக்கும் சொன்னார். இப்போது போய் மீட்டரைக் கேட்டால் அது மீட்டர் கேட்டதாகாது. விரல் போச்சு என்று சொன்னதாகும், அது அவருக்கும் புரிந்துவிடும். கம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மறுபடி சுரண்டி, மறுபடி ஈயம் வைத்து, மறுபடி செருகிப் பார்க்கலாம். அப்போதும் இப்படித்தான், போனதா இல்லையா என்று தெரியாமலேதான் செய்ய வேண்டும், இன்னும் சுரண்டினால் கம்பியே அறுந்துபோகும். தாரணியிடம் ஆகவில்லை கண்ணு என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண் அழும், பிறகு போய்விடும், நாளைக்கு வேறு யாராவது வருவார்கள். ஒரு கம்பியைச் சூடு காட்டி எடுத்தாள். நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். செம்பு நிறம். எனாமல் நிறம். ஒரே நிறம். கண்ணால் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது. தடுப்புக்கு அப்பாலிருந்து சென்னியப்பன், அந்தப் புள்ள பஸ் ஏறிட்டாளாமா, போன் பண்ணுனா, ஆயிருச்சான்னு கேக்கறா, என்றார். கோகிலா கம்பியை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். ஆயிருச்சுன்னு சொல்லீட்டேன், என்றார் அவரே.

அந்த ஒரு சொல்தான் தாங்க முடியாததாக இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை, கோகிலா செய்கிறாள் என்றால் ஆயிருச்சு.

"ஏனுங்," என்றாள். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "அந்த மீட்டரக் கொஞ்சம் கொண்டாங்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் உடனே கேட்கவில்லை. பிறகு கேட்டது. சென்னியப்பன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, மீட்டரை மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கவில்லை. எதுக்கு என்று கேட்டார், எனாமல் போச்சான்னு பாக்கோணுங் என்று அவள் சொன்னாள். அவர் போர்டைப் பார்த்தார், அவள் கையில் இருந்த கம்பியைப் பார்த்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வெரல்ல தெரியலையா, என்றார், டி.வி.க்கு வராத ரிமோட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில்.

"தெரியலீங்," என்றாள் கோகிலா. "மருந்து ஏத்துனதுல இருந்தே தெரியலீங். எதுவுமே தெரியலீங்."

சொல்லிவிட்டாள். சொன்னால் கூரை விழுந்துவிடும் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தாள், கூரை இருந்த இடத்திலேயே இருந்தது, லேத்து ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் மீட்டரை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். கம்பியைக் கேட்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமானது, கொடுத்தாள். அவள் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், அதேபோல் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்தார். மறுபடி இழுத்தார். கோகிலா அவர் வாயையே பார்த்தாள். அவருடைய விரல் போதும், அவர் வழுக்குது என்றோ பிடிக்குது என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனிமேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம், இழுத்துப் பார்ப்பது அவர், ஈயம் வைப்பது இவள், என்று மனது அதற்குள் கணக்குப் போட்டுக்கொண்டு ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலையே, அம்மிணி."

அவர் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினார். தேய்ந்து தேய்ந்து கெட்டியாகி, செருப்புத் தோல் மாதிரி, கோடே இல்லாமல் இருந்தது. ரேசன் கடையில் அவர் கைரேகையை மெஷின் எடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், அதற்கு மேல் யோசித்ததில்லை. லேத்துக்குப் போன புதுசுல இருந்தே இப்படித்தான் என்றார். இரும்புத் துகள் ஏறி ஏறி, தோல் மூடி மூடி, சூடும் குத்தும்தான் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. துணி எடுக்கப் போனால் பட்டா நூலா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம். இதெல்லாம் யாருகிட்டப் போய்ச் சொல்றது, என்றார். உன்ற வெரலு எல்லாத்தயும் கண்டுபிடிக்குதேன்னு பாத்துட்டே இருப்பேன், என்றார். கோகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். திருப்பூரில் அவரும்தான் அந்தக் குழந்தையைத் தொட்டார், உள்ளங்கையால் அல்ல, புறங்கையைத் திருப்பி, விரல் முட்டிகளால், தொட்டும் தொடாமலும். கல்யாணமான புதிதில் அவளையும் அப்படித்தான் தொட்டார், கூச்சம் என்று நினைத்திருந்தாள். ஜுரத்தில் கிடந்தபோது நெற்றியில் அந்தப் புறங்கைதான் வந்து வந்து உட்கார்ந்தது. எண்ணெய்க் கை, அழுக்காகிவிடும் என்று அப்படிச் செய்கிறார் என்றே இன்றைக்கு வரைக்கும் நினைத்திருந்தாள். அழுக்குக்காக இல்லை. அவருக்குத் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

சென்னியப்பன் அவள் இடது கையைப் பிடித்துக் கவிழ்த்து, மேசை மேல் வைத்தார். விரல்களை அவர் பிடித்திருப்பதைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கம்பியின் நுனியை அவள் புறங்கையில், மணிக்கட்டை ஒட்டி, பச்சை நரம்பு ஓடுகிற இடத்தில் வைத்து, இதுல பாரு, என்று சொல்லிவிட்டு மெதுவாக இழுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வைத்து, லேசாக அழுத்தி, மறுபடி இழுத்தார். மெல்லிசாக, எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் திறப்பதுபோல, ஒரு கோடு அவள் தோலில் நகர்ந்தது. கண்ணால் பார்த்தது அல்ல. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருக்கா என்றாள், அவர் இழுத்தார், அது அங்கேயே இருந்தது, வழவழவென்று, ஒரு இடத்திலும் சிக்காமல், வழுக்கிக்கொண்டு போனது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கோரமாக இறங்குவதும் தெரிந்தது, துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. என்னாச்சு, எப்படி இருக்குது, என்று கேட்டார் சென்னியப்பன்.

"இன்னும் போகலீங்," என்றாள் அவள்.